பேசாத பொம்மைதான் பேச வைக்கும்: ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு தாமதமாக வரும் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான் என் அன்றாட வேலை. அறைக்குள் வரும் அம்மா அப்பாக்கள் முதலில் என் பொம்மை அலமாரியைப் பார்ப்பார்கள். "இதுல எதை வாங்கினா மேடம் பேசுவான்?" என்பார்கள். அலமாரியில் இருப்பதெல்லாம் பந்து, சொப்பு, மரக்கட்டை, மூடி போட்ட டப்பாக்கள். பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

நல்ல பொம்மை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் பேசுமா?

வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விட்டால் பேசாது. பிள்ளைக்குப் பேச்சு வருவது மனிதரிடமிருந்து. அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்தார், பொம்மை காட்டிப் பேசினார். மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் போட்டுக் காட்டிய குழந்தைகளுக்கு எதுவும் பிடிபடவில்லை.

அப்படியானால் பொம்மை எதற்கு? நீங்களும் பிள்ளையும் சேர்ந்து பார்க்க, சேர்ந்து கை வைக்க ஒரு பொருள் வேண்டுமே, அதற்கு. பிள்ளை பந்தைப் பார்க்கிறது, நீங்கள் பந்தைப் பார்க்கிறீர்கள், பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். "பந்து" என்ற சொல் அந்த நேரத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு கூடுமா, குறையுமா?

கடையில் பேசுகிற பொம்மை, ஏபிசிடி சொல்லும் லேப்டாப் எல்லாம் "அறிவு வளர்க்கும்" என்று போட்டிருக்கிறார்களே?

அட்டைப்பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அன்னா சோசா என்பவர் இதை அளந்தே பார்த்திருக்கிறார். 10 முதல் 16 மாதம் வரையான 26 குழந்தைகளின் வீட்டுக்கு மூன்று வகைப் பொருள்கள் போயின: விளக்கு எரிந்து, பாட்டுப் பாடி, பேசுகிற மின்னணுப் பொம்மைகள், மரக்கட்டை மாதிரியான சாதாரணப் பொம்மைகள், படப் புத்தகங்கள். அவற்றை வைத்து விளையாடும்போது வீட்டில் நடந்த பேச்சைப் பதிவு செய்து எண்ணினார். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொற்கள் பேசினார்கள். சாதாரணப் பொம்மைக்கு 56. புத்தகத்துக்கு 67. பொம்மை பேச ஆரம்பித்ததும் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். குழந்தை எழுப்பிய குரல்களும் குறைந்தன.

இது என் வீட்டிலும் நடந்தது. என் மகளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது பரிசாக ஒரு பண்ணைப் பொம்மை வந்தது. பசுவை அழுத்தினால் ஆங்கிலத்தில் பெயர் சொல்லும், கூடவே ஒரு மெட்டு வாசிக்கும். அவள் அழுத்த அழுத்த நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் பேச்சுதான் என் தொழில், ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் நான் அவளிடம் ஒரு வாக்கியம் பேசவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தெருவில் நிஜப் பசு வந்து நின்றது. "ம்ம்மா" என்று நான் சொன்னதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து, "ம்ம்ம்" என்றாள். பொம்மை எத்தனை முறை சொல்லியும் வராத சொல்.

ஏற்கெனவே அந்த மாதிரிப் பொம்மை நாலைந்து இருக்கிறதே?

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பண்ணை பண்ணையாகவே இருக்கும், பசுவுக்கு நீங்கள் குரல் கொடுங்கள். பேட்டரி அறையின் மூடியைத் திரும்பவும் திருகாணி போட்டு மூட மறக்க வேண்டாம்.

சரி, எந்த வயதுக்கு எது?

வயதைவிடப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வயதை ஒட்டிப் போடுவது, எடுப்பது, தட்டுவது, உருட்டுவது. அந்த வேலைக்கு ஏற்ற பொருள் போதும்: பந்து, ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், மூடியுள்ள டப்பா, இழுத்தால் பின்னால் வரும் வண்டி. நம்மூர் நடைவண்டியை நான் மிகவும் மதிக்கிறேன். "போ போ போ... நில்!" என்று நீங்கள் சொல்ல, பிள்ளை தள்ளி நிற்கும். இரண்டு நாளில் "நில்" என்று சொல்வதற்கு முன்பே நின்று உங்கள் வாயைப் பார்க்கும். (உள்ளே உட்கார வைத்துக் காலால் உந்தும் வாக்கர் வேறு, அதைச் சொல்லவில்லை. விபத்துகள் காரணமாகக் கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.)

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. நம் மொழியில் வினையின் வேர்ச்சொல்லே ஏவலாக நிற்கும். தா, வா, போ, எடு, வை, மூடு, ஊற்று. ஓரெழுத்தில் ஒரு முழு வாக்கியம்! ஒன்றேகால் வயதுப் பிள்ளை "தா" என்று சொல்லிக் கையை நீட்டினால் அது வாக்கியம்தான். அதுவும் தமிழில் வினை கடைசியில் வருகிறது. "பந்தை உருட்டு" என்றால் காதில் கடைசியாக நிற்பது "உருட்டு". அதனால் பொம்மை வாங்கும்போது பெயர்ச்சொல்லை மறந்துவிட்டு வினைச்சொல்லை எண்ணிப் பாருங்கள். ஒரு சாதாரணப் பந்தில் உருட்டு, எறி, பிடி, உதை, தேடு, தா, விழுந்துடுச்சு, காணோம் எல்லாம் இருக்கிறது. பொத்தான் வைத்த லேப்டாப்பில் இருப்பது "அமுக்கு" ஒன்று.

அப்புறம் நம்முடைய இரட்டைக்கிளவிகள். தண்ணீர் சலசல, கதவு டொக் டொக், வண்டி தடதட, மணி கிணுகிணு. எந்த மொழிப் பிள்ளையானாலும் முதலில் வரும் சொற்களில் இப்படி ஒலியைப் போலச் செய்கிற சொற்கள் நிறைய இருக்கும். ஒரு கிலுகிலுப்பை, ஒரு சின்னத் தப்பட்டை, குளிக்கும்போது ஒரு குவளை, இவை போதும் அந்தச் சொற்களை வரவழைக்க. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பருவங்களைப் பிரித்தபோது சிறுபறை முழக்குவதற்கும் சிறுதேர் உருட்டுவதற்கும் தனித்தனிப் பருவமே வைத்தார்கள். பறையும் தேரும் இன்றும் பழசாகிவிடவில்லை.

ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் "சும்மா" விளையாட்டு வரும். பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது. அப்போது ஒரு பொம்மை, ஒரு துண்டுத் துணி, சொப்பு சாமான். மரப்பாச்சி இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முகம் அவ்வளவாக இருக்காது, அதனால் அழுகிறதா சிரிக்கிறதா என்று பிள்ளையே முடிவு செய்யும். இரண்டு வயதுக்கு மேல் கட்டைகள், ஆடு மாடு யானை, வண்டிகள், டாக்டர் செட்டு, காய்கறிக் கடை. இரண்டரை வயதில் "பஸ்ஸுல பாட்டி ஏறட்டும், நாய் எறங்கட்டும்" என்று விளையாட ஆரம்பித்தால் வேற்றுமை உருபும் வினையும் தானாக ஓடி வரும்.

சொப்பு சாமானைப் பற்றி நிறையச் சொல்கிறீர்கள். அதில் அப்படி என்ன?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு மாதப் பெண் குழந்தை, பாட்டியோடு வந்திருந்தாள். அவளிடம் மூன்று சொல்தான் இருந்தது. தரையில் சொப்பைக் கொட்டினேன். பாட்டி உடனே, "அடுப்ப வை, சட்டிய வை, அரிசி போடு, கிண்டு, பாப்பாவுக்குக் குடு" என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். குழந்தை எதையும் தொடவில்லை. பாட்டியிடம், கொஞ்சம் பேசாமல் இருந்து பார்ப்போம் என்று கை காட்டினேன்.

நிறைய நேரம் போனது போலத் தோன்றியது. குழந்தை குட்டிச் சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கரண்டியை உள்ளே விட்டுக் கிண்டினாள். எழுந்து வந்து, கரண்டியைப் பாட்டியின் வாயருகே நீட்டினாள். பாட்டி வாயைத் திறந்து, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, "ஸ்ஸ்... சுடுது!" என்றார். குழந்தையின் கண் விரிந்தது. கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி போய்க் கிண்டி, மறுபடி நீட்டினாள். மறுபடி "ஸ்ஸ், சுடுது!" மூன்றாவது முறை கரண்டியை நீட்டிவிட்டு, பாட்டி வாய் திறப்பதற்கு முன்னால் அவளே, "சூ" என்றாள். பாட்டிக்குக் குரல் தழுதழுத்தது. "ஆமாண்டி தங்கம், சுடுது. ஊது." குழந்தை கன்னத்தை உப்பி ஊதினாள்.

சொப்பில் இருப்பது இதுதான். சட்டியில் ஒன்றும் இல்லை, ஆனால் குழம்பு இருப்பதாக இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சொல்லும் அப்படித்தானே? "சோறு" என்ற ஒலியில் சோறு இல்லை, ஆனாலும் அது சோற்றைக் குறிக்கிறது. ஒன்று இன்னொன்றுக்காக நிற்கும் என்ற புரிதல் பாவனை விளையாட்டுக்கும் மொழிக்கும் பொது. அதோடு சமையல் என்பது பிள்ளை தினமும் பார்க்கும் வேலை. சொல்ல வேண்டியது அதன் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு கிடைத்தால் அழகு. கிடைக்காவிட்டால் வீட்டுக் கிண்ணமும் கரண்டியும் அதே வேலையைச் செய்யும்.

என் மகன் சொப்பு வைத்து விளையாடினால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

விளையாடட்டும். பையனுக்கும் சொல் வேண்டும். கல்யாண வீடுகளில் சமைக்கிற மாஸ்டர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான் என்று சிரிப்பவர்களிடம் சொல்லுங்கள்.

எத்தனை பொம்மை இருக்க வேண்டும்?

நாலு போதும், ஒரு நேரத்தில் வெளியே. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரையான 36 பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாக விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றைத் தொட்டு, விட்டு, அடுத்ததுக்குத் தாவினார்கள். தாவுகிற பிள்ளையின் பின்னால் நம் பேச்சும் தாவும், எதுவும் முடியாது.

மிச்சத்தைப் பரணில் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, கைக்கு எட்டாமல் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் ஒன்றிரண்டை வையுங்கள். பிள்ளை உங்களிடம் வந்து கேட்கத்தான் வேண்டியிருக்கும். கையைக் காட்டினாலும் அது கேட்பதுதான். "வேணுமா? தொறக்கவா?" என்று சொல்லிவிட்டுத் திறந்து கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைத்து அழவிட வேண்டாம். அது பேச்சைப் பற்றிய பயத்தைத்தான் வளர்க்கும்.

விளையாடும்போது நான் என்ன பேசுவது? எனக்கு அப்படிப் பேச வராது.

இதை அதிகம் கேட்பவர்கள் அப்பாக்கள். முதலில், கேள்வி கேட்பதைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? யானை எப்படிக் கத்தும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது பரீட்சை. பேசவே தயங்கும் பிள்ளை இன்னும் ஒதுங்கும். நாலு முறை சொல்லுங்கள், ஒரு முறை கேளுங்கள்.

பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். அது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் "இங்க பார், யானை பார்" என்று இழுத்தால் யானையும் ஒட்டாது, சக்கரமும் ஒட்டாது. "சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு!" என்று அதன் பக்கமே போங்கள்.

அப்புறம் அது சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "வண்டி" என்றால் "வண்டி போச்சு". "வண்டி போச்சு" என்றால் "செவப்பு வண்டி கீழ போச்சு". தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். "தத்தயம்" என்றால், "ஆமா, சக்கரம்!" என்று சரியாக நீங்கள் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பது. சொல்லிவிட்டு மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். நமக்கு நீளமாகத் தெரியும். பிள்ளைக்கு, கேட்டதை வாங்கி, யோசித்து, நாக்கைத் திரட்டி ஒலியாக்க அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. நாம் இரண்டு எண்ணுவதற்குள் அதன் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

மம்மு, சோச்சி, தாச்சி என்று மழலையில் பேசலாமா?

தாராளமாக. ஒரே அசை இரண்டு தடவை வருவதும், உதட்டில் பிறக்கும் ம, ப ஒலிகளும் பிள்ளைக்கு எளிது. நம் பாட்டிமார் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். குரலை உயர்த்தி, இழுத்து, பாட்டு மாதிரி பேசுவதும் நல்லதே, குழந்தைகள் அதைத்தான் உற்றுக் கேட்கின்றன. "மம்மு சாப்பிடலாமா, சோறு சாப்பிடலாமா" என்று பெரியவர்கள் சொல்லையும் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு வயது தாண்டியும் வீட்டில் அனைவரும் மழலை மட்டுமே பேசினால்தான் கவலை.

ஆங்கிலத்தில் பேசலாமா? ஸ்கூலில் சேர்க்கும்போது இன்டர்வியூவில் கேட்பார்களே. ஃபிளாஷ் கார்டு வாங்கியிருக்கிறோம்.

உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச, கோபப்பட, கதை விட, பொய்யாக அழ வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது தமிழ். "கம், சிட், ஈட், டோன்ட் டச்" என்ற நாலு கட்டளையோடு நின்றுபோகும் ஆங்கிலத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது நாலு சொல். வீட்டில் இரண்டு மொழி இயல்பாகப் புழங்கினால், உதாரணத்துக்கு அம்மா தெலுங்கு, அப்பா தமிழ், இரண்டும் இருக்கட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள்.

ஃபிளாஷ் கார்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வீட்டில் நிஜக் கத்தரிக்காய் இருக்கும்போது எதற்கு அட்டையில் கத்தரிக்காய்? காம்பு முள் குத்தும், தோல் வழுவழுவென்று இருக்கும், கூடையில் போட்டால் உருளும். அட்டையைக் காட்டி ஐம்பது பெயர் சொல்லும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாமல் அழுகிறார்கள். பெயர் தெரிவது வேறு, பேசுவது வேறு.

யூடியூபில் ரைம்ஸ் பார்த்துத்தான் நிறையக் கற்றுக்கொண்டான் என்று தோன்றுகிறது...

ஒப்பிப்பதைக் கற்றிருப்பான். அமெரிக்க ஆய்வாளர் ஜூடி டிலோச்சும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்குச் சொல் கற்றுத்தரும் வீடியோவை ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்க்காத பிள்ளைகளைவிட அவர்கள் கூடுதலாக எதுவும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே அதே சொற்களைப் பெற்றோர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றார்கள்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், தூரத்து உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது தவிர. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருந்து. யாரும் பார்க்காமல் ஓடுகிற சீரியலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்னால் டிவி ஓடினால் பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவது குறைகிறது. சோறு ஊட்டும் நேரத்தில் போனை எடுப்பது பெரிய இழப்பு. ஒரு நாளில் மூன்று வேளை, எதிரெதிரே உட்கார்ந்து பேச அமைந்த நேரம் அது.

புத்தகம் கொடுத்தால் கிழிக்கிறான், கடிக்கிறான்.

அட்டைப் புத்தகம் கொடுங்கள். கடிப்பதும் அந்த வயதில் படிப்புதான். எழுத்தை வாசித்துக் காட்ட வேண்டாம், படத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்டால் நாற்பது தடவையும் பாருங்கள். தெரிந்த இடத்தில் நீங்கள் நிறுத்தினால் பிள்ளை நிரப்பும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழில் குழந்தைகளுக்கு அழகான படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் காட்டாமல் அச்செடுத்துக் கொடுங்கள். காசில்லாவிட்டால் பழைய கல்யாண ஆல்பத்தைத் திறந்து காட்டுங்கள். "இது யாரு? மாமா! மாமா என்ன பண்றாரு? சாப்பிடறாரு!" என் அறையில் அதைவிட நன்றாக வேலை செய்த புத்தகம் குறைவு.

எது பாதுகாப்பானது என்று எப்படிப் பார்ப்பது?

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாத மலிவு பிளாஸ்டிக்கை, அதுவும் வாய் வைக்கும் வயதில், வாங்க வேண்டாம். கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைகள் வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குப் பூசிச் செய்வது மரபு. நல்ல கடையில் வாங்கினால் கவலையில்லை. மரப்பாச்சி என்று விற்பதெல்லாம் செம்மரம் என்று நம்பிவிடாதீர்கள், பெயின்ட் உரிகிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மூன்று வயதுக்குள் தொண்டையில் அடைக்கும் அளவுள்ள எதுவும் வேண்டாம். பந்து என்றால் நாலரை சென்டிமீட்டருக்குமேல் இருக்கட்டும். கோலி, மணி, பொம்மையின் கழன்று வரும் கண், வெடித்த பலூன் துண்டு எல்லாம் ஆபத்து. மரச் சொப்பிலும் குட்டி மூடிகள் இருக்கும், அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். டப்பாவில் போட்டு எடுக்க நிலக்கடலை, கொண்டைக்கடலை கொடுக்காதீர்கள். பெரிய மூடிகள், துணி உருண்டைகள் கொடுங்கள்.

மிக முக்கியமானது பட்டன் பேட்டரி, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, தட்டையாக இருப்பது. விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். விளையாட நேரம் எங்கே?

பதினைந்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தரையில். தினமும். அது முடியாத நாளில் இருக்கிற வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி மடிக்கும்போது "அப்பா சட்டை, பாப்பா சட்டை, குட்டி சாக்ஸ்! இன்னொண்ணு எங்க?" வெங்காயக் கூடையை எடுத்து வரச் சொல்லுங்கள்.

பாட்டியிடம் பொம்மையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல் விரலாகச் சோறு கொடுத்து, அக்குள்வரை கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு போகும் விளையாட்டு அவருக்குத் தெரிந்திருக்கும். காசில்லாத பொம்மை அது. அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும், முறை மாறி மாறி வரும், முகம் பக்கத்தில் இருக்கும். நான் வகுப்பில் படித்ததெல்லாம் அதில் இருக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, கையைக் காட்டுவதோ டாட்டா சொல்வதோ இல்லை; பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லை; இரண்டு வயதில் "பால் தா", "அப்பா போ" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை; எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண் பார்க்காமல், வண்டியின் சக்கரத்தை மட்டுமே நீண்ட நேரம் சுழற்றிக்கொண்டிருந்தாலும் காட்டுங்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்று சொல்லிக் காத்திருந்து நாலு வயதில் வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். சீக்கிரம் வந்தால் நஷ்டம் ஒரு மதியப் பொழுதுதான்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். டி.ஈ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கன்வாடியிலும் சொல்லி வையுங்கள், அங்கே வரும் மருத்துவக் குழு பார்த்து அனுப்பும்.

காது நன்றாகக் கேட்கிறது. பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டினோம், திரும்பினான்.

அது சோதனை ஆகாது. நிழல் அசைவதைப் பார்த்தும் திரும்பலாம், காற்றில் அதிர்வு பட்டும் திரும்பலாம். சில ஒலிகள் மட்டும் கேட்டு, ச, க, த மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகளும் உண்டு. கிலுகிலுப்பைக்குத் திரும்புவார்கள், பேச்சு மட்டும் தெளிவாக விழாது. பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் சரி என்று வந்திருந்தாலும், பிறகு காதில் நீர் கோத்துக் கேட்பது குறையலாம். அதனால் பேச்சு தாமதம் என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதுப் பரிசோதனைதான். ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையைத் தூங்கும்போதே எடுப்பார்கள், வலிக்காது. முந்தின இரவு கொஞ்சம் தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பால் புட்டியோடும் பிடித்த போர்வையோடும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடுமையான கேட்புக் குறைபாடு இருந்து காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வேண்டும் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.